டெய்சி டீச்சரின் குறுக்குப் பேச்சு

திண்டுக்கல் பேகம்பூரில் ஜெகபர் அலி நடத்திய வாடகை நூல்நிலையத்துக்கு வருகிறவர்கள், அலமாரிப் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள். "டெய்சி டீச்சர் இதப் படிச்சாச்சா பாய்?" ஆச்சு என்றால் அடுத்த கேள்வி, "என்ன சொன்னாங்க?"

டெய்சி, நகரத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவர் பிராங்கிளின் தனியார் பேருந்தில் நடத்துநர். திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் இடையே நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருப்பவர். ஒரே மகன் பிரின்ஸ். ஞாயிறு பூசை, பள்ளிக்கூடம், சமையல் என்று மற்ற ஆசிரியைகளைப் போலவேதான் டெய்சியின் நாளும் போயிற்று. வித்தியாசம் கைப்பையில்தான். அதற்குள் எப்போதும் ஒரு காதல் கதை இருக்கும். அதுவும் வெறும் காதல் கதையாக இருந்தால் போதாது. கதாநாயகன் கந்தர்வனாகவோ, நாகலோகத்து இளவரசனாகவோ, குறைந்தது போன பிறவியில் ராஜாவாகவோ இருக்க வேண்டும். மாமியார் மருமகள் சண்டையைப் புத்தகத்தில் வேறு படிக்க வேண்டுமா என்பது அவர் கட்சி.

படித்ததைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க முடியாது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"பாய், இந்தக் கந்தர்வனுக்கு அறுநூறு வயசாம். அறுநூறு வருசம் உலகத்தச் சுத்திப் பாத்தவனுக்கு, இந்தப் பதினெட்டு வயசுப் புள்ளகிட்ட பேசுறதுக்கு என்ன இருக்கும்? அதையாவது எழுதணும்ல. கண்ணப் பாத்தான், கண்ணப் பாத்தான்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்காரு. கண் டாக்டரா அவன்?"

ஜெகபர் அலி சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி வைப்பார். நின்றிருக்கிற ரெண்டு பேர் அதை எடுக்க மாட்டார்கள். மயங்கி விழுந்துகொண்டே இருக்கும் கதாநாயகியை டெய்சிக்குப் பிடிக்காது. காரணமே இல்லாமல் சாபம் கொடுக்கும் முனிவரைப் பிடிக்காது. "கையப் புடிச்சு இழுக்குறவன் தேவனா இருந்தா என்ன, ரவுடியா இருந்தா என்ன" என்பார். அதே டெய்சி, நாகலோகத்து இளவரசன் ஒருவன் காதலியின் வாசலில் மழையில் நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிற ஒரு பக்கத்துக்காக அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்று ஜெகபர் அலி ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "நீங்க வேணாமுன்னு சொன்ன புஸ்தகமெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்கு."

"நான் நல்லாருக்குன்னு சொன்னதுக்கு ஆளு வரிசையில நிக்கிறதச் சொல்ல மாட்டேங்கிறீங்களே பாய்."

அதுவும் உண்மைதான் என்பதால் பாய் அதோடு விட்டுவிட்டார்.

கோயிலில் செபாஸ்தியம்மாள் என்கிற அம்மாவுக்கு மட்டும் இந்தப் படிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. பூசை முடிந்து வெளியே வரும்போது, டெய்சியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த நாக இளவரசன் அட்டைப்படத்தைக் காட்டி, "ஏம்மா, வேதாகமத்துலதான் ஒரு பாம்பு இருக்கே. அது பத்தாதா ஒனக்கு?" என்றார்.

"அந்தப் பாம்பு பழத்தக் குடுத்துட்டு ஓடிப்போச்சும்மா. இது கல்யாணம் பண்ணி, குடும்பமும் நடத்துது" என்றார் டெய்சி. செபாஸ்தியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1996ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிகிற நேரத்தில், பிராங்கிளினின் அக்கா அன்னாள் வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்னாளுக்குத் தாடிக்கொம்பு பக்கத்து அகரத்தில் வீடு. கணவர் மிக்கேல்ராஜ் சம்பங்கியும் மல்லிகையும் போட்டிருந்தார். பறித்த பூவை வீட்டு வாசலில் போட்ட தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அன்னாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கட்டுவார்கள். இப்போது அன்னாள் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, அதே கொட்டகையில் கட்டிலில் படுத்திருந்தார். மூன்று மாதம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்க்கப் போன டெய்சி, ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டு போனதோடு, வழியில் படிக்க எடுத்துப்போன கதையையும் சொன்னார். அன்னாள் கண்கொட்டாமல் கேட்டார்.

"இந்தப் புத்தகத்த இங்கயே வச்சுட்டுப் போகவா மதினி?"

"எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள கால் கூடீரும். கண்ணுதான் எழுத்துல ஓட மாட்டேங்குது. காது சும்மாதான கெடக்கு? நீ சொல்லிட்டுப் போ."

அடிக்கடி வர முடியாது. என்ன செய்வதென்று டெய்சி வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அலமாரி மேலிருந்த டேப்ரிக்கார்டர் கண்ணில் பட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பேசுவது பதிவாகும். சனிக்கிழமை மதியம் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கேசட்டின் முதல் பக்கம் முழுக்க வாசித்துப் பதிவு செய்தார். திங்கட்கிழமை பிராங்கிளின் அதைப் பேருந்தில் கொண்டுபோய், தாடிக்கொம்பு நிறுத்தத்தில் காத்திருந்த மிக்கேல்ராஜ் கையில் கொடுத்தார்.

"என்ன மாப்ள, மருந்தா?" என்றார் மிக்கேல்ராஜ்.

"ஒங்க மாப்ள பொண்டாட்டியோட வாயி. பத்திரமாக் கொண்டு போங்க அத்தான்."

மிக்கேல்ராஜ் வீட்டிலும் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. கேசட் கொட்டகையில் ஓடியது. பூக்கட்ட வந்த பெண்களும் கேட்டார்கள். கதை நடுவே குக்கர் விசிலடித்தது. தெருவில் உப்புக்காரர் கூவிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் விட அதிகமாக, டெய்சியே குறுக்கே வந்துகொண்டிருந்தார். வாசிப்பு நின்றுவிடும். "இந்த எடத்துல பாருங்க மதினி, இவளுக்குப் புத்தியிருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும். போக மாட்டா. ஏன்னா இன்னும் அம்பது பக்கம் பாக்கி இருக்கு" என்பார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல இளவரசன் மறுபடியும் பேச ஆரம்பிப்பான்.

கேட்டு முடித்த கேசட், பேருந்திலேயே திரும்பி வரும். டெய்சி அதன் மேலேயே அடுத்த பகுதியைப் பதிவார். ஒருநாள் அப்படித் திரும்பி வந்த கேசட்டில், காலியாக இருக்க வேண்டிய மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டபோது, உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. பூக்கட்ட வருகிற ஜக்கம்மாளின் மகள் தமிழ்மதி, கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தெரியாமல் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருந்தாள். கொட்டகையில் பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது.

டெய்சி அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கதையச் சொல்லுறப்ப இந்த டீச்சரு குறுக்க குறுக்க வாராங்களே" என்றது ஒரு குரல். அது ஜக்கம்மாள் என்று பின்னால் தெரிந்தது. "எளவரசன் பாவம், வாயத் தொறக்க விட மாட்டேங்கிறாங்க."

"எம் தம்பியே வீட்ல வாயத் தொறந்து எம்புட்டு நாளாச்சோ" என்றது அன்னாளின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். "பள்ளிக்கூடத்துப் புள்ளைகள மெரட்டுற மாதிரியே மெரட்டுறாங்கம்மா" என்றாள் தமிழ்மதி. மறுபடியும் சிரிப்பு.

பிராங்கிளின் சாப்பிட வந்தபோது டெய்சி முகம் கொடுக்காமல் சோறு போட்டார். விஷயத்தைச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, அவரும் சிரித்துத் தொலைத்தார். அது இன்னும் மோசமாகிப் போயிற்று.

சிரித்தது ஒன்றும் பெரிதில்லை என்று டெய்சி தன்னிடமே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை அடுப்படியில் உட்காரவில்லை. பெரிய கடைவீதிப் பக்கம், பாட்டுப் பதிந்து கொடுக்கிற முகமது பாரூக்கின் கடைக்குப் போனார். கல்யாண வீடுகளுக்கு அறிவிப்புப் பதிவதற்காக பாரூக் ஒரு நல்ல மைக் வைத்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சொல் கூடுதலாக இல்லாமல், செய்தி வாசிக்கிறவரைப் போல டெய்சி வாசித்தார். இடையிடையே பாரூக் புல்லாங்குழல் இசையும் சேர்த்துக் கொடுத்தார். "ரேடியோக்காரங்க தோத்தாங்க டீச்சர்" என்றார்.

அந்தக் கேசட் போன மறுநாளே அகரத்திலிருந்து திரும்பிவிட்டது. டெய்சி மறுபக்கத்தைப் போட்டுப் பார்த்தார். இந்த முறை தெரிந்தேதான் பதிவு செய்திருந்தார்கள். முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு ஜக்கம்மாள்.

"டீச்சர், நான் ஜக்கம்மா பேசுறேன். ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கதையில அந்த மந்திரவாதி அம்புட்டுப் பொய் சொல்றான், நீங்க ஒரு வார்த்த கேக்கல. நாங்க கட்டுன பூவ விட்டுட்டு, இப்பக் கேப்பாங்க, இப்பக் கேப்பாங்கன்னு உக்காந்திருந்தோம். பீப்பீன்னு ஊதுறதுதான் வந்துச்சு."

பின்னாலிருந்து அன்னாள் சொன்னார்: "டெய்சி, அன்னைக்கு நாங்க பேசுனது கேசட்டுல ஏறிருச்சுன்னு பிராங்கிளின் சொன்னான். நீ கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்க. ஆனா கதைய மட்டும் பழையபடி சொல்லு."

டெய்சி கேசட்டை நிறுத்தினார். பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தார். அடுத்த சனிக்கிழமை குக்கர் விசிலோடும் உப்புக்காரரோடும் வாசிப்பு மறுபடியும் தொடங்கியது.

அதன் பிறகு கேசட்டின் முதல் பக்கம் டெய்சிக்கு, மறுபக்கம் அகரத்துக்கு என்று ஆகிவிட்டது. டெய்சி சொன்னதற்கெல்லாம் அவர்கள் தலையாட்டவில்லை. வானுலகத்தையே விட்டுவிட்டு ஒரு குயவன் மகளுக்காக மண்ணுக்கு வந்த கந்தர்வனை டெய்சி ஆகா என்று புகழ்ந்திருந்தார். "வானத்தையே விட்டுட்டு வந்தவன், நாளைக்கு இவள விட்டுட்டுப் போக எம்புட்டு நேரமாகும்? பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தானா அவன்?" என்று ஜக்கம்மாள் கேட்டார். தமிழ்மதி கந்தர்வன் கட்சி. அம்மாவும் மகளும் கேசட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். டெய்சி அடுத்த கேசட்டில் கதையைத் தொடங்குவதற்கு முன்னால் பாதிப் பக்கம் அதற்கே பதில் சொன்னார். வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் "ஆமா டீச்சர்" என்று சொல்லக் கேட்டுப் பழகியவருக்கு, இப்படி ஒருத்தர் "இல்ல டீச்சர்" என்று சொல்வது ருசியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்த ஆற்றுக் கதை வந்தது. யாரோ ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதை அது. ஜெகபர் அலியின் கடையில் அடியில் கிடந்தது. இளவரசன் நீலவேந்தனுக்கு ஒரு சாபம். பகலெல்லாம் அவன் ஆறாக ஓட வேண்டும். அந்தி சாய்ந்ததும் மனிதனாகிக் கரையேறலாம். அந்த ஆற்றில் ஓடம் விடுகிறவனின் மகள் பூவிழி அவனை விரும்புகிறாள். பகலில் யார் மேல் ஓடத்தைச் செலுத்துகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

டெய்சிக்கு அந்தக் கதை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பிடித்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ராத்திரி இவன் மனுசனா மாறிட்டா, ஆத்துல இருந்த மீனெல்லாம் எங்க போகும்? எழுதுனவரு அதப் பத்தி மூச்சே விடல பாருங்க" என்றார். அகரத்தில் அன்று முழுக்க மீனைப் பற்றியே பேச்சாக இருந்தது. பூவிழிக்கு உண்மை தெரிந்து, அவள் துடுப்பைப் போட்டுவிட்டு அழுகிற இடத்தில் டெய்சியும் வாசிக்க முடியாமல் நிறுத்தினார். கேசட்டில் அந்த மௌனமும் இருந்தது. கொட்டகையில் யாரும் பூவைத் தொடவில்லை என்று அன்னாள் பிறகு சொன்னார்.

கதை முடியப் போகிற இடத்தில், சாபத்தைக் கொடுத்தவளைத் தேடிப் பூவிழி மலையேறுகிறாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பின்னட்டை. கடைசி சில வாரங்களைச் சேர்க்காமலே பைண்டு செய்திருந்தார்கள்.

டெய்சி பேகம்பூருக்கு ஓடினார். ஜெகபர் அலி அலமாரியையெல்லாம் கலைத்துப் போட்டுத் தேடினார். இல்லை.

"மதுரையில பழைய புஸ்தகக் கடையில சொல்லி வைக்கிறேன் டீச்சர். கெடைக்க நாளாகும்."

அகரத்திலோ ஒருவரும் பொறுப்பதாக இல்லை. "அந்தப் புள்ள மலையில ஏறிப் போயி ஒரு வாரமாச்சு டீச்சர். எறக்கி விடுங்க" என்று ஜக்கம்மாள் கேசட்டில் சொல்லியனுப்பினார்.

வேறு வழியில்லாமல் டெய்சி முடிவைத் தானே சொல்வதென்று தீர்மானித்தார். எத்தனை எழுத்தாளர்களைக் குறை சொல்லியிருப்பார். ஒரு முடிவு சொல்வது என்ன பெரிய வேலை என்றுதான் உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே யோசித்தார், தோசை சுட்டுக்கொண்டே யோசித்தார். கடைசியில் பூவிழியை மலையுச்சிக்கு ஏற்றி, சாபம் கொடுத்தவளிடம் வாதாட வைத்து, ஜெயிக்க வைத்து, சாபத்தை நீக்கி, நீலவேந்தனுக்கும் அவளுக்கும் ஜாம்ஜாமென்று கல்யாணம் பண்ணிவைத்தார். முடிவு தன்னுடையது என்பதை மறைக்காமல் சொல்லித்தான் கேசட்டை அனுப்பினார்.

மறுபக்கம் வந்தது. முதலில் எல்லோரும் சேர்ந்தாற்போலப் பேசினார்கள். பிறகு ஜக்கம்மாளின் குரல் மட்டும்.

"நல்லாத்தான் முடிச்சிருக்கீங்க டீச்சர். கல்யாணமும் நல்ல கல்யாணம். ஆனா ஒண்ணு. இனிமே அவன் ஆறா ஓட மாட்டான்ல? அப்ப அந்த ஊருக்குத் தண்ணிக்கு என்ன வழி?"

"அதான, இவ அப்பன் ஓடத்த எங்கிட்டு ஓட்டுவாரு?" என்றது இன்னொரு குரல்.

டெய்சி வாய்விட்டுச் சிரித்தார். மீன் எங்கே போகும் என்று கேட்ட தனக்கு இது தோன்றவில்லையே என்று சிரிப்பு. எழுதினவரை என்னவெல்லாம் கேட்டோமோ, அதே கேள்வி இப்போது தன்னிடம் வந்து நிற்கிறது. பிராங்கிளின் என்னவென்று கேட்டதற்கு, "நான் ஒரு ஊரையே காயப் போட்டுட்டேங்க" என்றார்.

கேசட்டில் இதைத் தீர்க்க முடியாது என்று, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பேருந்து ஏறி நேரே அகரத்துக்குப் போனார். அன்னாளுக்குக் கட்டுப் பிரித்து, ஊன்றுகோலோடு ரெண்டடி நடக்கத் தொடங்கியிருந்த நேரம். முதல் தடவை வந்தபோது பூக்கட்டுகிற பெண்களை டெய்சி சரியாகக் கவனித்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொருவரும் வாயைத் திறந்ததும், இவர்தான் அவர் என்று அடையாளம் தெரிந்தது. ஜக்கம்மாள் கேசட்டில் ஆஜானுபாகுவாகத் தெரிந்தார். நேரில் குச்சி மாதிரி இருந்தார்.

"டீச்சரம்மா கேசட்டுல இம்புட்டுக் குட்டையாத் தெரியலையே" என்றார் அவரும்.

மல்லிகையை நடுவில் குவித்து வைத்துக்கொண்டு விவாதம் தொடங்கியது. அவன் ஆறாகவே இருக்கட்டும், பூவிழி வேறு யாரையாவது கட்டிக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னதைத் தமிழ்மதி ஒத்துக்கொள்ளவே இல்லை. பூவிழியும் ஆறாகிவிட்டால் என்ன என்று அன்னாள் கேட்டார். அதற்கு டெய்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அவ எதுக்கு ஆகணும்? அவ என்ன சாபம் வாங்குனா?"

பூவைத் தொடுத்துக்கொண்டே தமிழ்மதிதான் கடைசியில் சொன்னாள். "நம்ம குடகனாறு வருசம் முழுக்கவா ஓடுது? மழக்காலத்துல ஓடுது, கோடையில மணல்தான. அந்த மாதிரி வச்சுக்கலாம்ல. மழக்காலத்துல ஊருக்கு ஆறா ஓடட்டும். கோடையில இவளுக்குப் புருசனா வீட்ல இருக்கட்டும்."

தான் படித்த அத்தனை கந்தர்வர்களிலும் ஒருத்தனுக்கும் இப்படி ஒரு முடிவு வாய்த்ததில்லை என்று டெய்சிக்குத் தோன்றியது.

"கோடையில கெணறு இருக்கு, சமாளிச்சுக்கலாம்" என்று ஜக்கம்மாள் சம்மதம் தெரிவித்தார்.

"ஆறு மாசம் ஆம்பள வீட்ல சும்மா உக்காந்திருந்தா, மூணு வேளையும் சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேப்பானே. அதுக்கு என்ன செய்வா பாவம்?" என்றார் அன்னாள். கொட்டகைக்கு வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மிக்கேல்ராஜ் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த முடிவை டெய்சி ஊருக்குத் திரும்பிப் போய்ப் பதிவு செய்தார். "இது தமிழ்மதி சொன்ன முடிவு" என்று தொடக்கத்திலேயே சொன்னார்.

அன்னாளுக்குக் கால் கூடி, பழையபடி வயலுக்குப் போகத் தொடங்கிய பிறகும் கேசட் நிற்கவில்லை. ரெண்டு வருடம் கழித்து ஜெகபர் அலி சொன்ன சொல் தவறாமல், மதுரையிலிருந்து அந்தக் கடைசி அத்தியாயங்களைத் தேடி வாங்கிக் கொடுத்தார். எழுதினவர் காதலர்கள் இருவரையும் வானத்தில் நட்சத்திரமாக்கியிருந்தார். டெய்சி அதைக் கொட்டகையில் போய் நேரில் வாசித்தார். "போடா போ" என்று ஜக்கம்மாள் பூவை எடுத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தமிழ்மதி ஒட்டன்சத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். போகும்போது, பிற்பாடு அழிக்காமல் சேர்த்து வைத்திருந்த கேசட்டுகள் சிலவற்றைப் படியெடுத்துக்கொண்டு போனாள். படியெடுத்துக் கொடுத்தவர் பாரூக். புல்லாங்குழல் சேர்க்கவில்லை.

பிறகு கேசட்டும் போய் சி.டி. வந்தது. 2008 வாக்கில், கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த பிரின்ஸ், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கதை வாசித்துப் பதிந்த சி.டி. ஒன்றை வாங்கி வந்தான். தேர்ந்த குரல், பிசிறில்லாத உச்சரிப்பு. மந்திரத் தீவில் மாட்டிக்கொண்ட ஒருத்தியின் காதல் கதை. டெய்சி ஒரு நாள் முழுக்கக் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"கதை பரவால்ல. வாசிக்கிற பொண்ணு நல்லா வாசிக்கிறா. ஆனா, அவளுக்குக் கதை புடிச்சிருக்கா, புடிக்கலையா? அதக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலப்பா. அவன் அம்புட்டுப் பெரிய பொய்யச் சொல்றான், அவ குரல்ல ஒரு கோவத்தக் காணோம்."

"தொழில்முறையா வாசிக்கிறவங்க அப்படித்தாம்மா வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும். காரு ஓட்டிக்கிட்டே கேக்குறவங்களுக்கு அது நல்லது. பூக்கட்டிக்கிட்டே கேக்குறவங்களுக்கு ஆகாது" என்றார் டெய்சி. சி.டி.யை அகரத்துக்குக் கொடுத்தனுப்பவும் செய்தார். வாசித்த பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டு, அவளுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று ஜக்கம்மாள் விசாரித்தாராம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு காலை, டெய்சி பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கேட்டறியாத ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, கதை சொல்ற டீச்சருங்களா? நான் தமிழ்மதியோட மாமியாருங்க, ஒட்டன்சத்திரத்துல இருந்து பேசறனுங்க. தமிழ்மதி கொண்டாந்த கேசட்டுல அந்தப் புறாவா மாறுன ராணி கதை கேட்டமுங்க. ராணி பண்ணுனது தப்புன்னு சொல்லிப் போட்டீங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பலைங்க. அவ எடத்துல நான் இருந்தாலும் அதத்தானுங்க பண்ணியிருப்பேன்."

வாசலில் பிராங்கிளின் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினார். டெய்சி கைப்பையை மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, எப்படிச் சொல்றீங்க?" என்றார்.